கரடியின் இரண்டாவது நாற்காலி

அந்தக் கரடியை ஒழித்துக்கட்டுவது என்று போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணி பத்து நிமிடத்துக்கு முடிவு செய்தேன்.

நிஜக் கரடியாக இருந்தால் பன்னேர்கட்டா மிருகக்காட்சி சாலைக்குப் போன் போட்டிருப்பேன். வலையோடு வந்து அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இது கார்ட்டூன் கரடி. எண்பது வருஷத்துக்கு முந்தின கறுப்பு வெள்ளைப் படம். மொத்தமே ஏழு நிமிடம்தான் ஓடும். அந்த ஏழு நிமிடத்தில் என் குடித்தனத்தைக் கலைத்துவிட்டது.

என் பெயர் சின்னப்பா. அடுகோடியில் பழைய ஃபர்னிச்சர் கடை. கடைக்கு மேலேயே வீடு. நாலாவது வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. பள்ளிக்கூடத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். பத்து வயசில் தலையில் மேஜை சுமந்தேன். இன்றைக்குக் கோரமங்களாவில் வீடு காலி செய்கிற ஐ.டி. பிள்ளைகளின் சோபா, கட்டில், சுழல் நாற்காலி எல்லாம் என் டெம்போவில்தான் ஏறும். எனக்குக் கோபம் வரும். நியாயமாகவும் வரும், அநியாயமாகவும் வரும். ஆனால் பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் நான் ஐஸ் கட்டி.

என் பேரத்துக்கு இரண்டே விதி. சாமானைத் தட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்காதே. கட்டில் என்றால் நாலு காலையும் தட்டுவேன். கவிழ்த்துப் போட்டு மூட்டைப்பூச்சி பார்ப்பேன். அலமாரி என்றால் தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன். இது முதல் விதி. இரண்டாவது விதி, வேண்டும் என்று முகத்தில் காட்டாதே. காட்டினால் விலை ஏறிவிடும்.

வீட்டிலும் இதே சட்டம்தான். என் மனைவி பாமாவின் தங்கை ஹூப்ளியில் இருக்கிறாள். ஒவ்வொரு மே மாதமும் பாமா, "தங்கச்சி வீட்டுக்கு ஒரு பத்து நாள் போயிட்டு வரட்டுமாங்க?" என்று கேட்பாள். "பத்தா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். பத்து எட்டாகும். எட்டு ஐந்தாகும். கடைசியில் இரண்டு நாளில் படியும். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு நாளுக்கு மேல் நான் விட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை.

பாமா இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். எங்கள் மகன் ஹரிஷ் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஏழு மணிக்கு நான் மேலே ஏறி வருவேன். தட்டைப் போடுவாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமாங்க?" என்று ஆரம்பிப்பாள்.

யாரோ ஒரு விக்கிக்குப் பல் விழுந்திருக்கும். அதை அவன் டஸ்டருக்குள் ஒளித்து வைத்திருப்பான். டீச்சர் போர்டைத் துடைக்கும்போது பல் பறந்து ஹெட்மிஸ்ட்ரஸ் காபியில் விழுந்திருக்கும். தினமும் இப்படி ஒன்று. நான் "ம்" என்பேன். நடுவில் "ரசம்" என்பேன். அவ்வளவுதான் என் பங்கு.

அந்தக் கதைக்காகத்தான் ஆறு ஐம்பத்தைந்துக்கே ஷட்டரை இழுக்கிறேன் என்று ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. ஏழு மணிக்கு டைனிங் டேபிள் கேட்டு வந்த கல்யாணக் கோஷ்டியையே, "நாளைக்கு வாங்க, நாளைக்குக் கல்யாணம் ஓடிடாது" என்று விரட்டியிருக்கிறேன். அதையும் சொல்லவில்லை. இரண்டாவது விதி.

அப்புறம்தான் கரடி வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு புரொஜெக்டர் கொடுத்தார்கள். பாமா பழைய கார்ட்டூன் படங்களைத் தேடிப் பிடித்தாள்.

"என்னடி இது? பாடம் நடத்தச் சொன்னா பொம்மைப் படம் காட்டுறே?"

"சத்தத்தை மூடிட்டுக் காட்டுவேங்க. பாதியில நிறுத்திடுவேன். யாரு வந்தா, அவனுக்கு என்ன வேணும், எது குறுக்க நிக்குது, அடுத்தது என்ன ஆகும், எல்லாம் பிள்ளைங்களே சொல்லணும். கடைசியிலதான் முடிவைக் காட்டுவேன்."

"அதுக்குப் புக்கு இல்லையா?"

"புக்கு படிக்கத் தெரியாத பிள்ளையும் கரடியைப் படிச்சிடும். அதுல பேச்சே கிடையாது. கன்னடப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, உருதுப் பிள்ளை, எல்லாத்துக்கும் ஒரே கரடி. போன மாசம் வரைக்கும் வாயைத் திறக்காத பொண்ணு இப்ப வாயை மூட மாட்டேங்குது!"

படத்தையும் போட்டுக் காட்டினாள். ஒரு குண்டுக் கரடி. மலை உச்சியில் அதன் வீடு. வீட்டுக்குள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கரடி கீழே சந்தைக்குப் போய் இன்னொரு நாற்காலி வாங்கும். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலை ஏறும். சறுக்கும். மழை வரும். ஆடு வந்து முட்டும். மறுபடி ஏறும். அவ்வளவுதான் கதை. நாற்காலியைப் பார்த்ததும் தேக்கா, ரப்பர் மரமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதோடு போயிற்று என் ஏழு மணி. பாமா லேப்டாப்பைத் திறந்துகொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். கரடியை எந்த நொடியில் நிறுத்தலாம் என்று ஆராய்ச்சி. எதிர் நாற்காலியில் பிள்ளைகள் வரைந்த கரடிப் படக் கட்டு. நாற்பத்திரண்டு கரடிகள். நாற்பத்திரண்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நான் தனியாகச் சோற்றைப் பிசைவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் நானே இழுத்துப் பார்த்தேன். "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல..."

"ஷ்ஷ்! கரடி சறுக்கப் போகுது."

நான் கத்தினால் மடிவாளா சிக்னலில் ஆட்டோ நிற்கும். என்னைப் பார்த்து ஷ்ஷ்!

லேப்டாப்பை மூடிவிட்டு அவள் அடுத்த குண்டைப் போட்டாள்.

"தார்வாட்ல ஒரு டிரஸ்ட்டுலேருந்து லெட்டர் வந்திருக்குங்க. கார்ட்டூன் வெச்சுக் கதை சொல்லக் கத்துக்குடுக்கறது எப்படின்னு அங்க இருக்கிற டீச்சருங்களுக்கு நான் போய்ச் சொல்லித் தரணுமாம். ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன், பாருங்க."

"எத்தனை நாள்?"

"ஆறு மாசம்."

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தண்ணீர் குடித்தேன். "போயிட்டு வா. எனக்கென்ன?" என்றேன்.

"சனிக்கிழமை மமதா மேடம்னு ஒருத்தங்க என் கிளாஸைப் பாக்க வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சாத்தான் முடிவாகும்."

அப்போதுதான் முடிவு செய்தேன். மணி ஏழு பத்து.

மறுநாள் லாயிட்டைப் பிடித்தேன். ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். டி.வி., புரொஜெக்டர் ரிப்பேர் செய்வான். பள்ளிக்கூடத்து மெஷினையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

"லாயிட்டு, சனிக்கிழமை அந்தக் கரடிப் படத்துல முடிவு இருக்கக் கூடாது. பாதியோட வெட்டிடு."

"ஏன்ணா?"

"முடிவு தெரியலேன்னா நாப்பத்திரண்டு பிள்ளையும் பெஞ்சு மேல ஏறிக் குதிக்கும். வந்த அம்மா காதைப் பொத்திக்கிட்டுத் தார்வாடுக்கே ஓடிடுவாங்க."

"போகாதேன்னு அண்ணிகிட்ட நேரா சொல்லிடலாமேண்ணா? ஒரு வார்த்தைதானே?"

"டேய், நான் வியாபாரி! வேணும்னு என் வாயால சொல்வேனா?"

லாயிட் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கால் ஆடுகிற ஸ்டூலை நான் பார்ப்பது மாதிரி. கூலியாக அவன் அம்மாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி என்று பேசி முடித்தோம். அந்த நாற்காலியும் அன்றைக்கே போய்விட்டது.

சனிக்கிழமை. சுவிட்ச் போர்டு பார்க்க வந்தவன் மாதிரி வகுப்புக்குள் நுழைந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டாம் வகுப்புப் பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடித்தது. பக்கத்தில் ஒரு பையன், "நீங்க ஃபெயிலா அங்கிள்?" என்று கேட்டான். அவன் பெயர் ரயானாம். பதில் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டி வரும்.

முன்னால் மமதா மேடம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஜன்னல்களைச் சாத்தினார்கள். கரடி வந்தது. நாற்காலி வாங்கியது. கட்டிப்பிடித்தது. ஏறியது. மழை. ஆடு. கால் சறுக்கி, நாற்காலி கையை விட்டு நழுவி...

திரை கறுப்பாயிற்று.

"ஆஆஆ!" என்று நாற்பத்திரண்டு தொண்டை. நான் மனசுக்குள் கை தட்டினேன்.

பாமா அசரவில்லை. நிதானமாக விளக்கைப் போட்டாள். "இனிமே கரடி நம்ம கையில. அது என்ன செய்யும்?"

"நாற்காலியை உடைச்சுத் தீ மூட்டும் மிஸ்! குளிருதில்ல?" இது என் பக்கத்து ரயான்.

"ஆட்டோ புக் பண்ணும் மிஸ்!" என்றது முன் பெஞ்சு.

"மழையில எந்த ஆட்டோடா வரும்? கேன்சல் பண்ணிடுவான்!" இது பல்லுப் போன விக்கி. ஓட்டைப் பல்லை வைத்தே அடையாளம் தெரிந்தது. கதையில் கேட்டவனை நேரில் பார்த்ததில் எனக்கு என்னவோ செய்தது.

அப்போது ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள். சிந்துவாம். போன மாசம் வரைக்கும் வாயைத் திறக்காத பெண் இவள்தான். "மிஸ், அது வீட்டுலதான் ஏற்கெனவே ஒரு நாற்காலி இருக்கே. இன்னொண்ணு எதுக்கு?"

"நல்ல கேள்வி. எதுக்கு?" என்றாள் பாமா.

"துணி போட!" என்றான் ரயான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதிலும் தப்பில்லை. நான் விற்ற நாற்காலிகளில் பாதி அதற்குத்தான் பயன்படுகிறது.

"அப்ப வேணாம் மிஸ். தூக்கிப் போட்டுட்டு மேல போய்த் தூங்கட்டும்" என்றாள் சிந்து.

"ஆமா மிஸ்! போட்டுடு! போட்டுடு!" என்று எல்லாரும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்.

"டேய்! எவன்டா போடச் சொன்னது?" என்று எழுந்தேன். பெஞ்சும் கூடவே எழுந்தது. அதை உதறிவிட்டு முன்னால் போனேன். "எவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு வருது! போட்டுடுன்னு ஈசியா சொல்றீங்க! மொதல்ல அது தூக்குறதே தப்பு. கட்டிப்பிடிச்சா கால் எங்க வைக்கிறோம்னு தெரியாது. இங்க பாரு!"

டீச்சர் நாற்காலியைக் கவிழ்த்துத் தலையில் வைத்தேன். உட்காரும் பலகை தலைமேல். சாயும் பலகை என் முதுகில் தொங்கியது. இரண்டு கையும் காலி. பெஞ்சுகளுக்கு நடுவே மலை ஏறினேன். மழைக்குக் குனிந்தேன். ஆட்டுக்கு விலகினேன். மேடையில் ஏறி, நாற்காலியை இறக்கி வைத்துத் துண்டால் தட்டினேன். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

சிந்து விடவில்லை. "அங்கிள், வீட்டுக்கு வந்தாச்சு. இப்ப அதுல யாரு உக்காருவாங்க?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நாற்பத்திரண்டு வாய் திறந்திருந்தது. காலி நாற்காலி எதிரில் இருந்தது.

"சாயங்காலம் ஏழு மணிக்கு எதிர்ல உக்காந்து, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமான்னு சொல்றவங்க" என்றேன்.

"அவங்க எங்க போனாங்க?"

"எங்கயும் போகல. வேலையா இருக்காங்க."

"கரடி நாற்காலி தூக்கிட்டு வர்றது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா விலை ஏறிடும்."

சிந்துவுக்குப் புரியவில்லை. பாமா போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாக்பீஸை எடுத்தாள். ஒன்றும் எழுதவில்லை.

மமதா மேடம் எழுந்து நின்று கை தட்டினார். "தும்ப சென்னாகிதே! ரொம்ப நல்லா இருக்கு! முடிவைக் காட்டாம விட்டது எப்பேர்ப்பட்ட யோசனை! அதுல இந்த சார் நடிப்பு வேற!" என்று கன்னடமும் தமிழுமாகப் பொழிந்தார். பாமாதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

வெளியே வந்து, மெஷினைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த லாயிட்டின் சட்டையைப் பிடித்தேன். "எங்கடா வெட்டினே? இன்னும் கேவலமான இடத்துல வெட்டியிருக்கக் கூடாதா?"

"எங்க வெட்டணும்னு நீங்க சொல்லலியேண்ணா. தப்பா வெட்டிடக் கூடாதேன்னு அண்ணிகிட்டயே கேட்டேன். நிமிஷம் செகண்டோட எழுதிக் குடுத்தாங்க."

அன்று சாயங்காலம் பாமா கரடிப் படக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். லேப்டாப் இல்லை. நான் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாமா."

"சொல்லுங்க."

"எனக்கு நீ வீட்டுல வேணும்."

இருபத்திரண்டு வருஷத்து விதி அதோடு உடைந்தது. அவள் ரசத்தை ஊற்றினாள். கொஞ்சம் மேஜையிலும் ஊற்றினாள்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு கரடி வேண்டியிருந்துச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "எனக்கும் போகணும்னு ஆசையா இருக்குங்க" என்றாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? வாயே திறக்காத பெண்ணைக் குறுக்குக் கேள்வி கேட்க வைத்தவளை நான் கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்துவிட்டேன். அப்படி ஒரு டீச்சர் எனக்குக் கிடைத்திருந்தால் நாலாவதைத் தாண்டியிருப்பேன்.

"சரி, போ. ஆனா ஆறு மாசம் எல்லாம் முடியாது. பத்து நாள்."

"இது என்ன கட்டிலாங்க, பேரம் பேச? நாலு மாசம்."

"பன்னெண்டு நாள்."

"டீச்சருங்க மனுஷங்க. பன்னெண்டு நாள்ல கரடி வால்கூட வரையத் தெரியாது. மூணு மாசம்."

"பதினஞ்சு! அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது!"

"அப்ப மேடத்துக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிடறேன்." போனை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் கூட வந்தது.

"இரு, இரு. இருபது."

"அறுபது நாள். இதுதான் கடைசி."

"இருபதுதான் என் கடைசி."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். நடுவுல வாங்க. நாப்பது."

"முடிஞ்சது!" என்று மேஜையைத் தட்டினேன். தட்டு குதித்தது. ஆறு மாதத்தை நாற்பது நாளாக அடித்திருக்கிறேன்! இப்படி ஒரு பேரம் என் வாழ்க்கையில் படிந்ததில்லை. அந்த வேகத்தில் ஒரு நிபந்தனையும் போட்டேன். "தினமும் ஏழு மணிக்குப் போன் பண்ணி, என்ன ஆச்சுன்னு சொல்லணும்."

"சொல்றேன். பதிலுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க என் கிளாஸுக்குப் போய்ப் பிள்ளைங்ககிட்டக் கதை கேக்கணும்."

வேண்டா வெறுப்பாக ஒத்துக்கொள்கிற மாதிரி ஒத்துக்கொண்டேன். விதியில் கொஞ்சமாவது மிச்சம் வைக்க வேண்டுமல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை ரயில் ஏற்றினேன். ஜன்னல் வழியாக, "நாப்பது நாள், சொன்ன சொல் மாறக் கூடாது" என்றாள். "சின்னப்பா பேச்சு பேச்சுதான்" என்று கத்தினேன். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ரயில் போன பிறகு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்தேன். வீடு, சாமான் எல்லாம் விற்றுப்போன கடை மாதிரி இருந்தது.

சாயங்காலம் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனேன். தார்வாட் கடிதம் அங்கேயே காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாளே பார்க்கச் சொன்னாளே! என் கன்னடம் பஸ் போர்டில் கற்ற கன்னடம். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

பயிற்சிக் காலம்: முப்பது நாள்.

மறுபடி படித்தேன். கடிதத்தைக் கழற்றி, பின்பக்கத்தையும் தட்டிப் பார்த்தேன். நாலு காலையும் தட்டாமல் ஒரு ஸ்டூல் கூட வாங்காதவன் நான்.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. எதிர் நாற்காலியை இழுத்து, அதில் சொம்பை வைத்து, சொம்பில் போனைச் சாய்த்து நிறுத்தினேன்.

"ஏய் பாமா! முப்பது நாள்னு போட்டிருக்கு!"

"இப்பத்தான் படிச்சீங்களா?"

"ஆறு மாசம்னியே!"

"நீங்க கடையில மொதல்ல சொல்ற விலை எல்லாம் நிஜமாங்க?"

விரல் விட்டுக் கழித்துப் பார்த்து, "அப்ப மீதி பத்து நாள்?" என்றேன்.

"ஹூப்ளி இங்கேருந்து பக்கம்தானே? தங்கச்சி வீட்டுக்கு. இருபத்திரண்டு வருஷமா பத்து நாள் கேட்டேன். இப்பத்தான் படிஞ்சுது."

கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் வைத்துவிடுவாள். மணியோ ஏழு. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"சரி, விடு" என்றேன். "இன்னைக்கு என்ன ஆச்சு?"

அவள் குரல் பழைய மாதிரி குழைந்து வந்தது. "என்ன ஆச்சு தெரியுமாங்க? ரயில்ல எதிர் சீட்டுல ஒரு அம்மா. மடியில மூடி போட்ட கூடை. தும்கூர் தாண்டினதும் கூடை தானா ஆடுது. அந்தம்மா அதைத் தட்டித் தட்டி, 'சும்னிரு, சும்னிரு'ன்னு கொஞ்சறாங்க. டிக்கெட் செக்கர் வந்துட்டாரு. கூடையைத் திறங்கன்றாரு. இவங்க மாட்டேன்றாங்க. தாவணகெரெ வந்துடுச்சு. கடைசியில அவரே மூடியைத் தூக்கிட்டாரு. உள்ள பார்த்தா..."

"பார்த்தா?"

"இங்க நிறுத்திக்கறேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு நாளைக்கு ஏழு மணிக்கு நீங்க சொல்லுங்க."

போன் அணைந்தது. நாற்காலியில் சொம்பு மட்டும் இருந்தது.

இன்னும் முப்பத்தொன்பது நாள். அதில் பத்து, நானே என் கையால் போட்ட கொசுறு.